பெயர் கேட்காத கருத்துக் கேட்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்குழுக் கூட்டங்களில், மறுநாள் அதே லிஃப்டில் செயலாளரின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற தயக்கத்தால், பராமரிப்புக் கட்டணம் பற்றியோ தண்ணீர் லாரிச் செலவு பற்றியோ வாய் திறப்பவர்கள் மிகச் சிலரே. கன்னடம் சரளமாக வராத தமிழ்க் குடும்பங்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இத்தயக்கம் இன்னும் அதிகம். 2024 கோடையில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, எங்கள் குடியிருப்பின் மேல்தளங்களுக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்பதைக் கூட்டத்தில் எவரும் சொல்லவில்லை. பெயர் கேட்காத படிவம் ஒன்றை அனுப்பிய பிறகே அது தெரிய வந்தது.

ஆனால், பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதாது. கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். எந்தத் தளம், வீட்டில் எத்தனை பேர் என்று சேர்த்துக் கேட்டால், 40 வீடுகளே உள்ள கட்டடத்தில் எழுதியவர் யாரென எளிதில் புலப்பட்டுவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கைபேசி பழகாத முதியோருக்கு, கையெழுத்து காட்டிக்கொடுக்காதபடி டிக் மட்டும் செய்யும் சீட்டும் பூட்டிய பெட்டியும் வைக்கலாம். வந்த கருத்துகளின் தொகுப்பை, கசப்பானவற்றையும் விடாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்ட நிர்வாகக் குழுக்கள் முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு