கண்மாய்க்காகக் கேள்வி கேட்டவர்களைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

செட்டிநாட்டுச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கண்மாயில் அனுமதிக்கு மேல் கிராவல் அள்ளுவதைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் துணை நின்ற உங்களுக்கு இந்த மடல். இதில் உங்களில் யார் பெயரும் இல்லை, நம் ஊர்ப் பெயரும் இல்லை. பெயர் வெளியே வந்தால் அடுத்த மிரட்டல் அந்த வாசலுக்குத்தான் போகும்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் நமக்குத் தூரமில்லை. அந்தப் பகுதி வெங்களூர்க்காரரான ஜகபர் அலி கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து விடாமல் மனுக் கொடுத்தவர். 2025 ஜனவரி 17 அன்று தொழுகை முடித்து வண்டியில் திரும்பியவர் மீது டிப்பர் லாரி மோதியது. விபத்தாகப் பேசப்பட்டது பிறகு கொலை வழக்காகி, சிபிசிஐடி கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். அரசு ஊழியருக்கே அந்த நிலை. இந்த ஒருவரை அகற்றிவிட்டால் புகாரும் போய்விடும் என்கிற கணக்குதான் இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்புகிறோம். அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி மகளிர் குழு அக்காமார்களுக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு படிப்படியாகக் கீழே இறங்கி, பல நேரம் யார் மீது புகாரோ அவருக்கு வேண்டியவர் மேசைக்கே வந்து சேரும். மனுதாரர் பெயர், கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கிராம சபைத் தீர்மானத்துக்கு அந்த ஆபத்துக் குறைவு, அது ஊரின் குரல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் சபை கூடுகிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதினால் நம் தீர்மானம் புத்தகத்தில் ஏறாது. எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து என்று உறுதியாக உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு நன்றி.

சென்னையிலிருந்து தகவல் உரிமை மனுப் போட்ட ஆச்சிமார்களே, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் ஊருக்கு இப்படியும் உதவ முடியும் என்று காட்டினீர்கள். மனுதாரர் ஊரில் இல்லையென்றால் மிரட்டல் எளிதில் எட்டாது. சட்டத்தின் 6(2) பிரிவின்படி தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரம் கேட்கக்கூடாது. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013இல் கொல்கத்தா உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அனுமதி ஆணை, சர்வே எண், தோண்டும் ஆழம், லாரிக்குக் கொடுத்த நடைச்சீட்டுகளின் அடிக்கட்டை என்று நீங்கள் துல்லியமாகக் கேட்டது பெரிய பலம். மண் அளவையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சீட்டின் கணக்கையும் குழியின் அளவையும் பக்கத்தில் வைத்தால் மீறல் தானாகத் தெரியும். ஆழம் மீறினால் அடியிலிருக்கும் களிப்படுகை உடைந்து, மழை நன்றாகப் பெய்தாலும் மடைக்குத் தண்ணீர் ஏறாது.

படமெடுத்த தம்பிகளுக்கு நன்றி. லாரியைப் பின்தொடராமல், உபரிநீர் வழியும் கலுங்கு தெரியும்படி தூரத்திலிருந்தே, காட்சியை வெட்டாமல் எடுத்தீர்கள். எண் பலகையில் சேறு பூசியிருந்தாலும் முன்கண்ணாடி எழுத்தும் தொட்டியின் நிறமும் அடையாளம் சொல்லும். யாரும் லாரிச் சாவியைப் பிடுங்கவில்லை, அதிகாரியிடம் குரல் உயர்த்தவில்லை. அரசு ஊழியரைத் தாக்கிப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக பிஎன்எஸ் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 132, ஆபாசமாகத் திட்டியதாக 296 என்று பொய் வழக்குப் போட அந்த ஒரு நொடி போதும்.

வக்கீல் அக்காவுக்கும் அவருடைய குமாஸ்தா அண்ணனுக்கும் நன்றி சொல்லச் சொற்கள் போதாது. மிரட்டல் புகாருக்கு மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது வழக்குப் பதிவு ஆகாது. பதிய மறுத்தால் பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அஞ்சல், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். எந்தப் பிரிவு என்பதில் அக்கா காட்டிய பிடிவாதம்தான் முக்கியம். சாதாரண மிரட்டல் பிஎன்எஸ் 351(2), இரண்டு ஆண்டு வரை சிறை. ‘லாரி ஏற்றிக் கொன்றுவிடுவேன்’ என்பது 351(3), ஏழு ஆண்டு வரை. உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். காவல்துறையின் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கைக்கு ஐந்து வேலை நாள் கெடு. ஆகவே சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி, நேரம், இடத்தோடு புகாரில் எழுத வேண்டும். ‘மிரட்டினார்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் கதவு அங்கேயே மூடிவிடும்.

கைதானால் போன் முதலில் போய்விடும் என்று தெரிந்து, வக்கீல் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொன்ன ஐயாவுக்கும் நன்றி. கைதைச் சொந்தக்காரருக்குத் தெரிவிப்பது, காரணத்தைச் சொல்வது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்துவது மூன்றும் காவலரின் கடமை. 15100க்கு அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

கடன் நிறுத்தச் சொல்லி நெருக்கியபோதும் அரிசி அளந்த கடைக்காரர், குத்தகையைப் பறிக்காத நிலத்துக்காரர் ஆகியோரை மறக்க மாட்டோம். அடிக்கு முன்னால் பெரும்பாலும் வருவது வயிற்றில் கை வைப்பதுதான். அதைத் தடுத்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தவர்கள்.

தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த விவரங்களும் அழியும். நீதிமன்றத்தில் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு மூலக் கோப்பு வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பத்திரமாக அணைத்து வையுங்கள். மாற்றுப் போன் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
கண்மாய்ப் பாசனதாரர்கள்