தொடர்களையும் ஆவணப்படங்களையும் வாசகர் வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்திவரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, மகன் வந்தபோது டிவியில் ஓடிடி எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் ராத்திரி அரை மணி நேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, எதைப் பார்ப்பதென்று தெரியாமல் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். நீதான் நல்லதாக ஏதாவது சொல்லேன்" என்றார். அவர் ஒரு நாவல் கேட்டிருந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தை ஆளுக்கொரு காரணத்தோடு சொல்லியிருப்போம். தொடர் என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. பார்க்காதவர்கள் அல்லர், வட்டத்தில் பேசத் தகுந்த பொருள் இல்லை என்று நாமாகவே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒதுக்கலைக் கைவிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இணையம் வழியே படங்களையும் தொடர்களையும் தரும் ஓடிடி தளங்கள் தாமே பரிந்துரைக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நாம் எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்ற கணக்கை வைத்து அவை அடுத்ததை நீட்டுகின்றன. ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை. அதைவிடப் பெரிய குறை, எந்தத் தளமும் தன்னிடம் இருப்பதை மட்டுமே காட்டும் என்பது. வீரப்பனைப் பற்றி 2023இல் மட்டும் இரண்டு ஆவணத் தொடர்கள் வெளிவந்தன. செல்வமணி செல்வராஜ் இயக்கிய நான்கு பகுதித் தொடரான 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதிரடிப்படை அதிகாரிகள், செய்தியாளர்கள், வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி ஆகியோரின் வாய்மொழி வழியாக, 2004 அக்டோபரில் முடிந்த நீண்ட வேட்டையை அது வரிசைப்படுத்திச் சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜீ5 தளத்தில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்', நக்கீரன் இதழார் காட்டுக்குள் சென்று பதிவு செய்த காட்சிகளை மையமாகக் கொண்டது. அதில் வீரப்பனே கேமரா முன் அமர்ந்து தன் கதையைத் தன் வாயால் சொல்கிறார். முதலாவதில் பிறர் விவரிக்கும் மனிதரை இரண்டாவதில் நேருக்கு நேர் சந்திக்கும்போது, முன்பு கேட்ட ஒவ்வொரு சொல்லையும் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இரண்டையும் இந்த வரிசையில், இடையில் ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. இதை எந்தத் தளமும் சொல்லாது. காவலர்களின் இழப்பும், தேடுதல் வேட்டையின் பெயரால் மலைக்கிராமத்து மக்கள் பட்ட சித்திரவதையும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதைப் பார்த்தவர்கள் கூடிப் பேசும்போதுதான் முழுமையாக உணர முடியும்.

புனைவுத் தொடர்களில் தொடங்க விரும்பும் வட்டங்களுக்கு நான் முதலில் சொல்வது 'அயலி'. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்த, எட்டே பகுதிகள் கொண்ட சிறிய தொடர். புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்னும் கற்பனைக் கிராமத்தில், 1990ஆம் ஆண்டு, பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மணமுடித்துக் கொடுப்பதே தெய்வத்தின் கட்டளை என்று ஊர் நம்புகிறது. மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை ஊருக்கு மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு சிறுமி ஒவ்வொரு நாளும் படும் பாட்டைப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பாட்டிமாரும் அத்தைமாரும் எந்த வகுப்போடு நின்றார்கள் என்ற நினைவு தானாக வருகிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து இரண்டு இரவுகளில் பார்த்துவிடலாம். நான் என் தாயாரோடு பார்த்தேன். மூன்றாம் பகுதி முடிந்ததும் அவர் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தான் எட்டாவதோடு நின்ற கதையை முதன்முறையாக என்னிடம் சொன்னார்.

ஒரே மூச்சில் பார்க்கத் தகுந்தது என்றால் அமேசான் பிரைமில் 2022இல் வந்த 'சுழல்' முதல் பருவம். புஷ்கர்–காயத்ரி எழுதிய இத்தொடர், ஒரு சிமென்ட் ஆலைத் தீவிபத்தையும் ஒரு பெண் காணாமற்போனதையும் மயானக்கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னிச் செல்கிறது. திருவிழாவை வெறும் பின்னணியாக வைக்காமல் கதையின் நடையையே அதன் நாட்களிடம் ஒப்படைத்த விதம் தனியே பேசத் தக்கது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி', இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஊரும் பத்திரிகைகளும் சொல்லும் பலவகைக் கதைகளுக்கு நடுவே ஒரு காவல் அதிகாரி உண்மையைத் தேடுவது. ஒருவரைப் பற்றிய கதை வாய்க்கு வாய் எப்படி மாறுகிறது என்பதில் ஆர்வமுள்ள வாசகர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றையும் விடிய விடியப் பார்க்க வேண்டியதில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த யானைக் குட்டி ரகுவை யானைப் பராமரிப்பாளர்களான பொம்மனும் பெள்ளியும் வளர்த்த கதையான 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' முக்கால் மணி நேரம்கூட ஓடாது. 2023இல் ஆஸ்கர் பெற்ற அந்த ஆவணக் குறும்படத்தில் பேசப்படுவது நம் மொழி. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி திவ்யா பாரதி இயக்கிய 'கக்கூஸ்' 2017இல் யூடியூபிலேயே வெளியிடப்பட்டது. சந்தா எதுவும் தேவையில்லை. ஆனால் அதைப் பார்த்த கையோடு வேறொன்றைப் பார்க்க மனம் வராது, வரவும் கூடாது. ஆவணப்படங்களைப் பார்ப்பவர்கள், அடுத்த படத்துக்கான வினாடிக் கணக்கு திரையின் மூலையில் ஓடத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டு இறுதி எழுத்துகளையும் படியுங்கள். அந்த மனிதர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நடைமுறையில் நான் கேட்பது சிறிய ஏற்பாடுதான். வீட்டுச் சந்தாவில் வருவதை நூலகக் கூடத்தில் போட்டுக் காட்டும் எண்ணம் வேண்டாம். அந்தச் சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. மாதத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, புத்தகத்துக்குக் கொடுக்கும் அதே ஒரு மணி நேரத்தை அதற்கும் கொடுப்போம். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டலாம்: பெயர், தளம், எத்தனை பகுதிகள், குழந்தைகளோடு பார்க்கலாமா, பரிந்துரைப்பவர் யார், அவர் சொல்லும் காரணம் என்ன. சந்தா கட்ட இயலாத உறுப்பினர்களை மனத்தில் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆவணப்படம் ஒன்றும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

எங்கள் வட்டம் வரும் மாதம் 'அயலி'யில் தொடங்குகிறது. முதலில் பேச ஆசிரியையே ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊர் வட்டம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று காரணத்தோடு எழுதி அனுப்பினால், எங்கள் பலகையில் எங்கள் தாளுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டி வைக்கிறோம்.

அன்புடன்,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்