சர்ச் செட்டு வேண்டாம் மாப்ள

மாப்ள,

நல்லாயிருக்கியாடா, தங்கச்சியும் பையனும் சொகமா? இங்க ஒண்ணும் கொறையில்ல, அப்பாவுக்கு முட்டிவலி எச்சாயிருச்சு ஆனா தோட்டத்துக்குப் போகாதீங்கன்னா கேக்கறதில்ல, தென்னைல வெள்ளை ஈ இந்த வருசமும் வந்து கீழ் ஓலை பூராம் கருப்படிச்சுக் கெடக்குது, மத்தபடி ஆடிக்காத்து. உனக்குத் தெரியாததா, பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வந்து காங்கேயத்துல நிக்கறவன் வேட்டிய உருவற காத்து. அதனால நம்ம டேபிள் சண்டை ஆட்டத்துப் பொம்மைகளுக்கு அடிப்பூச்சு அடிக்கற ஸ்பிரே பிரைமர் டப்பாவ ஐப்பசி வரைக்கும் தொடறதா இல்ல, எல்லாமே பிரஷ்லதான்.

நீ கேட்டதுக்கு வர்றேன். தீவாளிக்கு வர்றப்ப டேபிள்ல பொம்மைங்களுக்கு நடுவுல வெக்கற அந்த இடிஞ்ச சர்ச் மாடல் செட்டு ஆஃபர்ல கெடக்குது வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டிருந்த. வேண்டாம்டா. வார்ஹேமர் 40கேங்கற அந்த வருங்காலக் கற்பனைச் சண்டை ஆடறதுக்கு அது சரி, அந்த உலகமே பழைய ஐரோப்பா சர்ச்சு மாதிரி கோதிக் ஆர்ச்சும் மண்டையோடும்தான். நாம இப்ப எறங்கியிருக்கறது சத்தியமங்கலம், 1790 செப்டம்பர்ல திப்பு கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியா எறங்கி வந்து பவானி ஆத்துப் பக்கம் வெள்ளக்காரன் கர்னல் ஃபிளாய்டு படையோட மோதுன சண்டை, அதுக்கு நடுவுல ஒரு கோதிக் ஜன்னல நிறுத்தி வெச்சா எப்பிடியிருக்கும்னு நீயே யோசி. லக்கேஜ் வெயிட்ட அதுக்குச் செலவு பண்ணாத.

இந்தத் தடவ நான் டேபிளுக்குப் போடறது கொறங்காடு. நாம லீவுல மாடு மேச்ச அதே கொறங்காடுதான், சுத்தியும் கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேலா மரம். பாசத்துல சொல்றேன்னு நெனைக்காத, கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். 28 எம்எம் ஒசரப் பொம்மைய நெச ஆளுல ஏறக்குறைய 56ல ஒரு பங்கு, 1/56னு வெச்சுக்க. ஆறுக்கு நாலடி டேபிள்ங்கறது அந்த ஸ்கேல்ல 102 மீட்டருக்கு 68 மீட்டர், அதாவது மொத்தமே ஒண்ணேமுக்கால் ஏக்கராவுக்குக் கொஞ்சம் கம்மி! நம்மூர்ல ஒரு சின்னக் கொறங்காடு அவ்வளவுதான். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி ஒரு நூறு கஜம் வரைக்கும் ஓரளவுக்கு ஒழுங்கா சுடும்னா டேபிளோட இந்தக் கோடில நிக்கறவன் அந்தக் கோடிகிட்ட நிக்கறவன சுட்டுறலாம், ரூல் புக்குல ரேஞ்ச சுருக்கித்தான் வெச்சிருப்பான், இருந்தாலும் வெட்டவெளியா டேபிள் போட்டா ரெண்டு பக்கமும் நின்னு டைஸ் உருட்டறதத் தவிர வேற வேல இல்ல. ஆட்டத்த ஆட்டமா ஆக்கறதே நடுவுல என்ன நிக்குதுங்கறதுதான், அதுக்கு வேலியவிட நல்ல ஐட்டம் கெடையாது.

ஏன்னா பாரு, அஞ்சடி வேலின்னா 1/56ல 27 எம்எம். பொம்மையோட கண்ணு ஒசரம். வேலிக்கு அந்தப் பக்கம் சிப்பாய் நின்னா துப்பாக்கி மொனையும் தலப்பா உச்சியும்தான் தெரியும், குதிரைல இருக்கறவன் மட்டும் இடுப்புக்கு மேல தெரிவான். முள்ளுங்கறதால குதிரை பூந்து போவாது, படல் இருக்கற எடந்தேடித்தான் சுத்தணும், இல்லன்னா ஒரு டர்ன் நின்னு வெட்டணும்னு நானா ஒரு ஹவுஸ் ரூல் போட்டிருக்கேன். ஃபிளாய்டுகிட்ட இருந்தது 19வது லைட் டிராகூன், குதிரைப்படை, இந்த மாதிரி வேலி நாட்டுல எப்பிடி ஓட்டுனாங்கன்னு ஆடிப் பாத்தாத்தான் தெரியும்.

வேலி செய்யறதுக்கு எல்லாரும் பாத்திரம் தேய்க்கற பச்ச நாரக் கீறி ஒட்டச் சொல்றாங்க. அது ஒட்டுனா இங்கிலாந்து வேலியாத்தான் தெரியுது, மேல கீழ ஒரே அடர்த்தி. கிளுவைக்கு அடித்தண்டு மொட்டையா தெரியணும். நான் ஐஸ் குச்சில ஒரு எம்எம் டிரில்லுல வரிசையா ஓட்ட போட்டு சீமாத்துக் குச்சியத் துண்டு துண்டா நட்டு, இடைல பொள்ளாச்சித் தேங்கா நார பிச்சுச் சொருகி, ஃபெவிகால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தி ஒரே ஒரு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு மேல்பாகத்துல மட்டும் தொட்டு, சாயம் போட்ட மரத்தூளத் தூவறேன். அந்த ஒரு சொட்டு இல்லாட்டி பசை நாருக்குள்ள எறங்காது, மேலயே முத்து முத்தா நின்னுக்கும்.

மரத்துக்கு மோட்டார் வைண்டிங் கடைல செம்புக் கம்பி வேஸ்ட் கேட்டா ஒரு கை அள்ளிக் குடுக்கறாங்க. முறுக்கி மேல பிரிச்சு விட்டா வெள்வேலா கெளை வந்துருது. பனை மட்டும் தகராறு. அறுபதடி பனைய ஸ்கேலுக்குச் செஞ்சா ஒரு அடிக்கு மேல வருது, கை பட்டாச் சாயும், அதனால பாதியாக் கொறைச்சுட்டேன், இதுல நேர்மை பாத்தா வெளையாட முடியாது. புல்லுக்கு நம்ம பழைய கொசு பேட்டப் பிரிச்சு ஒரு ஒயர டீ வடிகட்டிலயும் இன்னொண்ண ஈரப் பசைலயும் கோத்துட்டா ஸ்டாட்டிக் கிராஸுங்கற அந்தப் பொடி நார்ப்புல்லு அத்தனையும் எந்திரிச்சு நிக்குது, நீ ஒரு தடவ பாக்கணும். ஆஃப் பண்ணுனதுக்கு அப்பறமும் ஷாக் அடிக்கும், உன் பையன் பக்கத்துல வர வேண்டாம்.

மண்ணு நம்ம செம்மண்ணேதான், சலிச்சு வறச்சட்டில வறுத்துட்டுப் போடறேன், இல்லன்னா பூஞ்ச புடிக்கும். பசை பட்டா நெம்ப கருத்துருது, அதனால காஞ்சதுக்கு அப்பறம் வெளிர் காவிய மேலாப்புல டிரைபிரஷ், அதான் பெயிண்டத் தொடச்ச காஞ்ச பிரஷ்ல தேய்க்கறது, பண்ணியே ஆவணும்.

சித்தப்பன் மகனுக்கும் இப்ப இந்தக் கிறுக்குப் புடிச்சிருச்சு. தெர்மாகோல்ல ஒரு சங்ககிரி மலை செஞ்சான், நெம்ப அழகா செஞ்சான்டா, காத்து கம்மியா இருக்கற விடியக்காலமாப் பாத்து பொடக்காளிக்குக் கொண்டுபோய் நேரா ஸ்பிரே அடிச்சான், மலை கண்ணு முன்னால கரைஞ்சு போச்சு. இப்ப ஃபெவிகால்ல கருப்பு அக்ரிலிக் கலந்து முழுசா பூசிட்டுத்தான் அடுத்த வேலையே. அவனுக்கு சின்னமலை சண்ட போடணும்னு ஆசை, ஓடாநிலை, அரச்சலூர்னு சொல்லிட்டுத் திரியறான். அது அடுத்த வருசம்.

பொம்மைக்கு வர்றேன். கையிலிருக்கற பிளாஸ்டிக் சிப்பாய்ங்க தொப்பிய அறுத்துட்டு எம்-சீல்ல தலப்பா கட்டிட்டு இருக்கேன். கலந்ததும் கை வெச்சா விரல்லயே ஒட்டும், கொஞ்ச நேரம் விட்டு எறுகுனதும் தண்ணி தொட்டுக்கிட்டு ரெண்டு மெல்லிசு இழையா உருட்டி, கயிறு திரிக்கறாப்ல திரிச்சு மண்டைல சுத்தி, பல்லுக்குச்சில மடிப்பு கீறணும். வெயில் நாள்ல சட்டுனு எறுகிரும், மூணு மண்டைக்கு மேல ஒரே நேரத்துல கலக்கறதில்ல. திப்பு படைக்கு அந்த ஊதாச் சட்டைல வெள்ளப் புலிவரி இருக்குல்ல, 28 எம்எம்ல வரி வரியா இழுக்க முடியாது, நுனி போன பிரஷ்ல பொட்டுப் பொட்டா வெச்சு நீட்டுனாப் போதும். ராக்கெட்டுக்கு ரீஃபில் குழாய நறுக்கி சீமாத்துக் குச்சில நூல் போட்டுக் கட்டியாச்சு.

ஆக நீ கொண்டு வர வேண்டியது இவ்வளவுதான்: குதிரை ஸ்ப்ரூ, அதான் துண்டு துண்டா ஒடைச்சு ஒட்டற பிளாஸ்டிக் சட்டம், தனியா கெடைச்சா ஒரு டஜன் குதிரைக்கு ஆவறாப்ல, குதிரைய மட்டும் எம்-சீல்ல என்னால செய்ய முடியாது. அப்பறம் 3க்கு 1 எம்எம் காந்தம் ஒரு பாக்கெட், ராக்கெட்காரன் கைய மாத்தி மாத்தி வெக்கறதுக்கு. பிளாஸ்டிக்க ஒட்டற நல்ல பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு பாட்டில் வேணும், ஆனா அது எரியற சரக்கு, ஃபிளைட்ல விடமாட்டாங்க, விட்டுரு.

தீவாளிக்கு மறுநா ஆசாரத்துலயே டேபிளப் போட்டுரலாம், ஒறம்பரை வந்தா திண்ணைல உக்காரட்டும்னு அம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். நீ ஃபிளாய்டு, நான் திப்பு, அதுல பேச்சே இல்ல. டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு.

உன் மச்சான்