முதல் ஆல்பத்தில் சுருதி இறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு பற்றி வந்த கட்டுரையில் அவர்களுடைய ஊரான பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியும் அதன் தொழிற்சாலைகளும் நன்றாகவே வந்திருக்கின்றன. இசையைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் கட்டுரை சறுக்குகிறது. கிட்டாரின் சுருதியை இறக்கியதால்தான் முதல் ஆல்பத்துக்கு அந்தக் கனம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் சொல்வதுதான், ஆனால் தவறு.

1970 பிப்ரவரி 13 அன்று வந்த முதல் ஆல்பமும் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாவதும் ஆறாவது கம்பி, அதாவது தடித்த கம்பி, ஈ சுரத்தில் இருக்கும் வழக்கமான ட்யூனிங்கில் வாசிக்கப்பட்டவை. ரெக்கார்டை ஓடவிட்டு, எதையும் இறக்காத கிட்டாரில் கூடவே வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி ஸ்டூடியோவில் மூன்று அரைச்சுரம் இறக்கி, ஆறாவது கம்பியை சி ஷார்ப்புக்குக் கொண்டுபோனது 1971 ஜூலையில் வந்த மூன்றாவது ஆல்பத்தில். அதிலும் மூன்று பாடல்களில்தான்.

அப்படியானால் முதல் ஆல்பத்தின் கனம் எங்கிருந்து வந்தது? முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். 1968இல் ஆறு பேரோடு, ஸ்லைடு கிட்டாரும் சாக்ஸஃபோனும் வைத்துத் தொடங்கிய ப்ளூஸ் குழு அது. சீக்கிரமே அவற்றை வாசித்த இருவரும் கழன்றுகொள்ள, நால்வர் மிஞ்சினார்கள். அதுவரை ரிதம் கிட்டார் வாசித்த கீசர் பட்லர் பேஸ் கிட்டாருக்கு மாறினார். மாறியும் பழைய புத்தி விடவில்லை. அயோமி வாசிக்கும் அதே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, ஒரு ஸ்தாயி கீழே அப்படியே வாசித்தார், கம்பியை வளைப்பது உட்பட. ஒரே வரியை இரண்டு ஸ்தாயியில் ஒன்றாகக் கேட்கும்போது காது அதை ஒரே பெரிய வாத்தியமாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது கருவி. அயோமி கிட்டாருக்கும் லேனி ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபயர்) நடுவே ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் (மேல் ஒலி) பூஸ்டர் வைத்திருந்தார். ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர்தான் அதன் உயிர். பெயரிலேயே இருப்பதுபோல மேல் ஒலியைத் தூக்கும், அடி ஒலியை வெட்டும். கனமான ஓசைக்கு அடி ஒலியை வெட்டுவதா என்று கேட்கலாம். ஆம்பின் வால்வுகள் கரகரக்கும் அளவுக்கு உள்ளே சிக்னல் போகும்போது, அதில் அடி ஒலி அதிகம் இருந்தால் எல்லாம் கூழாகிவிடும். அதை முன்கூட்டியே குறைத்துவிட்டால் கரகரப்பு இறுகி நிற்கும். கீழே காலியாகும் இடத்தை பேஸ் கிட்டார் நிரப்பும். கல்லூரி விழா மேடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். கிட்டார் ஆம்பில் அடி ஒலிக்கான பேஸ் நாப் முழுக்கத் திறந்திருக்கும், நடு ஒலிக்கான மிட் பூஜ்யத்தில் இருக்கும். அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருப்பது, மேடையில் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போகும்.

இந்த வகை பூஸ்டரை வாங்குபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய சர்க்யூட்டில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் (காலால் இயக்கும் ஓசைப் பெட்டிகளில்) பொதுவாக நெகட்டிவ்தான் கிரவுண்ட், அவற்றோடு ஒரே அடாப்டர் வயரில் கோர்த்தால் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரிதான் சரி. இன்னொன்று, ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற ட்ரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் கூடி ஓசை மாறிவிடும். மே மாதத் திறந்தவெளி மேடையில் மாலை நான்கு மணிக்கு ஒரு ஓசை, இரவு ஒன்பதுக்கு வேறு ஓசை.

முதல் ஆல்பத்தின் தொடக்கப் பாடலின் ரிஃப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டில்) ஜி, நாலாவது கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் அதன் மேல் ஜி, பிறகு ஐந்தாவது கம்பி நாலாம் ஃப்ரெட்டில் சி ஷார்ப். மூன்றே சுரம். ஜி-க்கும் சி ஷார்ப்புக்கும் உள்ள இந்தச் சுர இடைவெளியைச் சர்ச் தடை செய்திருந்தது என்ற கதையைக் கட்டுரையும் திருப்பிச் சொல்கிறது. ‘இசையில் சாத்தான்’ என்ற பட்டப்பெயர் உண்டு. தடைக்குச் சான்று இல்லை. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் சி ஷார்ப் நம் பிரதி மத்யமம். மேளகர்த்தா 72இல் பாதிக்கு அதுதான் மத்யமம். கல்யாணியில் அதைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. ஆகவே பயம் சுரத்தில் இல்லை. கல்யாணியில் அந்த மத்யமத்துக்கு இரு பக்கமும் சொந்தபந்தம் உண்டு. இங்கே காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை. மெதுவான காலத்தில் ரிஃப் அந்த ஒற்றைச் சுரத்தின் மேலேயே போய் நின்று அதிர்கிறது.

மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை சி ஷார்ப்புக்கு இறக்கிய விவகாரத்துக்கு வருகிறேன். அயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் நடு விரல், மோதிர விரல் நுனிகளை இழந்ததைக் கட்டுரை சொல்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்மூடி செய்து, அதன்மேல் பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் கம்பி வழுக்கும், அதனால்தான் தோல். அந்த விரல்களால் தடித்த கம்பியை வளைக்க முடியாது. மெல்லிய கம்பிக்காக பேன்ஜோ கம்பிகளைக் கூடப் போட்டுப் பார்த்தார். பிறகு சுருதியை இறக்கியதுகூட, கம்பி இன்னும் தளர வேண்டும் என்பதற்காகத்தான். மூன்று அரைச்சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 29 சதவீதம் குறையும். ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3க்கு இறங்கும்.

இன்று இதைச் செய்பவர்கள் பொதுவாக இறுக்கத்தை மீட்க 10–46 கம்பி செட்டுக்குப் பதில் இன்னும் தடித்த 12–54 போடுகிறார்கள். போடலாம். ஆனால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டில்) உள்ள பள்ளத்தை அகலப்படுத்தாவிட்டால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும்; ட்யூன் செய்யும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி தாவும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இன்டொனேஷனையும் (சுரம் துல்லியமாக நிற்கிறதா என்பதையும்) மறுபடி சரிபார்க்க வேண்டும். மெல்லிய கம்பியிலேயே இறக்கினால் அயோமியின் ஓசைக்கு நெருக்கமாக வரும். ஆனால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் சுருதி மேலே ஏறிவிடும். லேசான கை வேண்டும்.

முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு பற்றிய தகவல் சரிதான்: 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜண்ட் சவுண்ட், தயாரிப்பாளர் ராஜர் பெய்ன், ஒரே நாள். ஆனால் தொடக்கத்தில் கேட்கும் மழையும் இடியும் மணியும் அன்றைய பதிவில் கிடையாது, பிறகு சேர்த்தவை. அன்று முதல் பாடல் முடிந்ததும் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) செத்துவிட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்தார், அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. கட்டுரையாளர் இதை விட்டிருக்கக் கூடாது.

டிரம்ஸ் வாசித்த பில் வார்டின் பெயர் நாலு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் பட்டியலில். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. அந்த டிரம்ஸை நேர்க்கோடாக, இயந்திரம்போல வாசித்துப் பாருங்கள், அதே ரிஃப் கல்லாகிவிடும்.

கடைசியாக, 43ஆம் பக்கப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அயோமி இடக்கைக்காரர். அடிபட்டது ஃப்ரெட்டில் வைக்கும் வலது கை. உங்கள் படத்தில் ஃப்ரெட்டில் இருப்பது இடது கை. திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர்கள் இருவர்,
கோயம்புத்தூர்