வெட்டினவன் மேல்தான் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் ஒரு பையன் கேட்டிருந்தான்: "நான் சேர்த்து வைக்கும் கார்டுகளில் சிலவற்றில் மட்டும் படம் ஏன் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது?" நல்ல கேள்வி. உங்கள் பகுதிப் பொறுப்பாளர் ஒரே வரியில் அவன் வாயை அடைத்துவிட்டார்: "அச்சகத் தொழிலாளர்களின் அலட்சியமே காரணம்." போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு கேலிச் சித்திரம் வேறு. பனியன் போட்ட ஒருவர் மிஷின் முன்னால் நின்று கொட்டாவி விடுகிறார்.

நான் சிவகாசியில் 38 வருஷம் அச்சுத் தாள் வெட்டும் கட்டிங் மிஷினில் நின்றவன். கொட்டாவி விட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியாகிவிட்டால், அப்புறம் மார்கழி வரைக்கும் எங்களுக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? ஆனால் அலட்சியம் என்ற சொல்லை என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் கத்தி இறங்கும் என்கிற ஏற்பாடெல்லாம் இல்லாத பழைய மிஷினில் வேலை பழகியவன் நான். ஒரே ஒரு நாள் கவனம் தப்பியது. இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போது தாளைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த விரல்தான்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் பொறுப்பாளருக்காகச் சொல்கிறேன். கார்டை யாரும் ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. 'மேஜிக்' என்ற அமெரிக்கக் கார்டு விளையாட்டுக்கு ஒரு ஷீட்டில் பதினொன்றுக்குப் பதினொன்று, 121 கார்டு. மிஷின் மணிக்குப் பத்தாயிரம் ஷீட் ஓடினால் 12,10,000 கார்டு. மிஷின்காரர் நடுநடுவே ஒரு ஷீட்டை உருவி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று காட்டும் ரிஜிஸ்டர் மார்க்கை மூலையில் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். உருவாத ஷீட் எப்படியிருந்தது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அதுவும் தாள் இருக்கிறதே, அது ஒரு நிலையில் நிற்கிற சாமான் கிடையாது. ஆஃப்செட் அச்சில் மையோடு தண்ணீரும் சேர்ந்துதான் ஓடுகிறது. தாள் ஈரத்தைக் குடிக்கும். தாளைப் பிடித்து இழுக்கும் கிரிப்பர் கவ்விய பக்கத்தில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். அதற்கு எதிரே வால் பக்கத்தில் தாள் மயிரிழை விரிந்திருக்கும், நிறம் விலகும். சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சும் தழைத்ததற்கு எங்கள் ஊர்க் காய்ந்த காற்று ஒரு காரணம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே ஊரில் ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் மழை பிடித்தால் போர்டு என்கிற கெட்டி அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். காலண்டர் அவசரமும் அப்போதுதான்.

சரி, இனி என் மிஷினுக்கு வருகிறேன். அடித்த ஷீட்டை இருநூறு முந்நூறாகத் தட்டி அடுக்கி உள்ளே தள்ளுவோம். தள்ளுவதற்கு முன் அடுக்கின் ஓரத்தை விசிறி மாதிரி விரித்துக் காற்று விட்டு, மறுபடி தட்டி, உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் காற்று நின்றுகொள்ளும். அடுக்கு நகராமல் பிடிக்கும் கிளாம்ப் இறங்கி அமுக்கும். கத்தி நேராக இறங்காது, சரிந்து வரும். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தால் போதும், அடுக்கு இழுபட்டு மேல் ஷீட் ஒரு அளவு, அடி ஷீட் ஒரு அளவு என்று ஆகிவிடும். இதெல்லாம் என் பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்து வெட்டுவது மேலே கிடக்கும் ஒரே ஒரு ஷீட்டின் கட்டிங் மார்க்கை. அதற்குக் கீழே நூறாவது ஷீட்டில் படமே அரை மில்லிமீட்டர் நகர்ந்து அச்சாகியிருந்தால் நான் என்ன செய்வது? கத்தி தாளின் ஓரத்தைக் கணக்கு வைத்துத்தானே இறங்குகிறது, படத்தை அது எங்கே பார்த்தது?

கார்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒட்ட ஒட்ட வைத்து டிசைன் போட்டிருந்தால் இன்னும் விசேஷம். ஒரே வெட்டில் இரண்டு கார்டு கெடும். இந்தக் கார்டில் கூடினது அந்தக் கார்டில் குறையும்.

உங்கள் இதழைப் படித்த அன்றே என் பேரனின் கார்டு டப்பாவை வாங்கி, ஒரு 'கோணல்' கார்டை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது ஓரத்தில் வெள்ளை 2 மில்லி, வலது ஓரத்தில் 4 மில்லி. அதாவது மூன்றும் மூன்றுமாக இருக்க வேண்டியது, ஒரு மில்லி தள்ளிவிட்டது. இதற்குத்தான் இத்தனை ரகளை. தினசரி காலண்டர் தாளில் 5 மில்லி தள்ளினாலும் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் ராகுகாலம் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுகிறார்கள். கார்டில் தெரிகிறதென்றால், நாலு பக்கமும் மெல்லிசாக ஒரு வெள்ளை ஓரம் வைத்து, "என்னை அளந்து பார்" என்று டிசைன் போட்டவர் செய்த வேலை அது. டிசைன் போட்டவர் கொட்டாவி விடுவதாகப் படம் போடுவீர்களா? மாட்டீர்கள். அவர் உங்கள் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருப்பார்.

பேரன் இன்னொன்றும் செல்போனில் காட்டினான். அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி 1952-ல் வெளியிட்ட பேஸ்பால் கார்டு, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரர் படம் போட்டது. 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. நம் காசில் ஏறத்தாழ 100 கோடி. கசங்காமல் இருந்ததோடு, படம் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. அப்படியானால் மற்றதெல்லாம் தள்ளித்தானே வெட்டுப்பட்டிருக்கிறது? அதற்கு அங்கே 'சென்டரிங்' என்று ஒரு மரியாதையான பெயர். கல்கத்தாவில் 1854-ல் அச்சான நாலணா ஸ்டாம்பில் சில, இரண்டாம் நிறம் அடிக்கும்போது ஷீட் தலைமாறிப் போனதால், விக்டோரியா ராணி தலைகீழாக நிற்கிறாள். அது கிடைக்குமா என்று பணக்காரர்கள் அலைகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தப்பு பொக்கிஷம், நாங்கள் செய்தால் அலட்சியம்.

அச்சுப்பிழை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஒற்றெழுத்தை விடுவார், டைப் அடித்தவர் துணைக்காலை விடுவார், புரூஃப் பார்த்தவர் எல்லாவற்றையும் விடுவார். அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்கும்போது மட்டும் அது 'அச்சுப்பிழை' ஆகிவிடும். எழுத்துக் கோர்த்த காலத்திலாவது அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் என்கிற அச்சுத் தகட்டுக்குப் போகிறது. நீங்கள் அனுப்பியதைத்தானே மிஷின் அடிக்கிறது? இதைப்பற்றி முன்பு ஒரு முறை மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். "இதழ் அருமை" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

ஒரு தடவை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் வந்தது. விடிந்தால் வேண்டுமாம். மை காயவில்லை, வெட்டாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வெட்டச் சொன்னார்கள். கிளாம்ப் அமுக்கியதில், கீழ்த் தாளின் மாப்பிள்ளை பெயர் மேல் தாளின் முதுகில் கண்ணாடியில் பார்த்தது போல ஒட்டிக்கொண்டது. பார்ட்டி வந்து கத்தியது யாரைப் பார்த்து என்கிறீர்கள்? மேட்டரைத் தாமதமாகக் கொடுத்தவரையா? சம்பளத்தில் பிடித்தது யார் சம்பளத்தில்?

தங்கள் பொங்கல் மலரின் அட்டையில் அந்த நடிகைக்கு இரண்டு ஜோடி உதடு இருந்தது. மெஜந்தா என்கிற சிவப்பு மை நகர்ந்துவிட்டது. என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கடிதமும் எழுதவில்லை. அந்த மிஷினில் நின்றவர் அன்றைக்கு என்ன பாடுபட்டாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மரியாதையைத்தான் சென்ற இதழில் திருப்பித் தந்திருக்கிறீர்கள்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அந்தப் பையனுக்கு "தாள், ஈரம், வேகம், கத்தி, டிசைன்" என்று ஐந்து சொல்லாவது சேர்த்து மறுபடி பதில் போடுங்கள், போதும்.

இன்னொரு சின்ன விஷயம். 51ஆம் பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டியில் வலது ஓரக் கட்டம் ஒவ்வொரு இதழிலும் பாதி வெட்டுப்பட்டு வருகிறது. நடுவில் பின் அடிக்கும் 100 பக்க இதழில், உள்ளே போகப்போகத் தாள் வெளியே பிதுங்கும். மூன்று பக்கமும் சேர்த்து வெட்டும்போது நடுத்தாளில்தான் அதிகம் போகும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 3ஆம் பக்கத்தைவிட 51ஆம் பக்கம் ஒன்றரை மில்லியாவது ஒடுக்கமாக இருக்கும். இதுவும் வெட்டுகிறவர் குற்றமில்லை. லேஅவுட் போடுகிறவரிடம் சொல்லிக் கட்டத்தை 3 மில்லி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். என் மனைவி கடைசி எழுத்தைப் பக்கத்துக்கு வெளியே, மேஜை விரிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டிங் மிஷின்காரர்,
சிவகாசி.