நடந்து வரும் சாமிகளுக்கு வழி விடுங்கள்

ஆசிரியருக்கு,

கார்த்திகை பிறந்துவிட்டால் தமிழக எல்லையிலுள்ள புளியரையிலிருந்து கேரளத்தின் ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலையில் சபரிமலைக்கு நடந்து செல்வோரைக் காணலாம். ராஜபாளையத்துக்காரரும் மதுரைக்காரரும் வழியில்தான் அறிமுகமாகிறார்கள். சிறுவனும் முதியவரும் ஒருவருக்கொருவர் ‘சாமி’தான். காலில் கொப்புளம் கண்டவர் நடக்கும் வேகமே மொத்தக் குழுவின் வேகம். கன்னிச்சாமிகளை முன்னே விட்டுக் குருசாமி கடைசியில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. விரதத்தில் பெரும்பகுதி இதுதான் என்பேன்.

ஆனால் கொல்லம்-திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையான இதில் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. எஸ் வளைவில் ஒதுங்க இடமின்றிச் சேர்ந்து வந்தவர்கள் சிதறிவிடுகிறார்கள். இருட்டில் பின்தங்கியவர் தனியாகிவிடுகிறார். மண்டல, மகரவிளக்குக் காலத்தில் இரவில் கனரக வாகனங்களை இரு மாநில அதிகாரிகளும் கட்டுப்படுத்த வேண்டும். மலையேறும் முன் இளைப்பாற, புளியரையில் ஒரு கொட்டகையும் குடிநீரும் தேவை.

– ஒரு வாசகர், செங்கோட்டை