அமுங்கியது பியானோவா, பியானிஸ்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுப்பயணத்தில் இருக்கும் சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பான பீத்தோவனின் நான்காம் பியானோ கான்செர்ட்டோவில், 'விருந்தினராக வந்த பியானிஸ்டுக்குக் கைவலு போதவில்லை, பியானோ அமுங்கிவிட்டது' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் விமர்சகர். பியானோ அமுங்கியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கையைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் பியானோவின் மூடி. கீல் கீழ்ஸ்தாயிப் பக்கம் இருப்பதால் அது மேல்ஸ்தாயிப் பக்கம், அதாவது அவையை நோக்கித் திறக்கும். உள்ளிருந்து வரும் ஒலியை அவைக்குத் திருப்பிவிடுவது அதுதான். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கோ அதே மூடி ஒரு சுவர். மெல்லிய இடங்களில் வயலாக்காரருக்கும் செல்லோக்காரருக்கும் பியானோ சரியாகக் காதில் விழுவதில்லை. காதில் விழாததற்கு இடம்விட்டு வாசிப்பது யாருக்கும் எளிதல்ல. அதனால்தான் ஒத்திகையில் உதவி நடத்துநர் ஒருவர் அவை நடுவில் உட்கார்ந்து, எந்தப் பகுதி குறைய வேண்டும் என்று சைகை காட்டுவார். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அவரை விட்டுவிட்டுக் கிளம்பும் குழுக்களில், நடத்துநரே மேடையை விட்டு இறங்கிப் போய்க் கேட்டால்தான் உண்டு. அவருக்கும் பியானோ மூடிக்குப் பின்னாலிருந்துதானே கேட்கிறது!

அடுத்தது தலைக்கணக்கு. பெரிய சிம்பொனிக்கு முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என 60 பேர் நரம்புக்கருவி வாசிப்பார்கள். பீத்தோவன் கான்செர்ட்டோவுக்கு 12, 10, 8, 6, 4 என 40 பேர் தாராளம். மீதி 20 பேரை இடைவேளை வரை வெளியே உட்காரவைப்பது நடத்துநரின் முடிவு, பியானிஸ்டின் கையில் இல்லை. அழைத்து வந்தவர்கள் எல்லோரையும் மேடையேற்றிவிட்டுப் பியானோ கேட்கவில்லை என்றால் எப்படி?

பிறகு பியானோவுக்கே வருவோம். வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார். பியானிஸ்டுக்கு ஊருக்கு ஒரு பியானோ. 274 சென்டிமீட்டர் நீளமும் அரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உள்ள பெட்டியைக் கூடவே கொண்டு போவது மிகச் சிலருக்கே முடியும். அதிலும் ஆபத்து இருக்கிறது. கனடாவின் பியானிஸ்ட் ஏஞ்சலா ஹியூவிட்டின் சொந்த ஃபாசியோலி பியானோ 2020இல் பெர்லினில் ஓர் ஒலிப்பதிவு முடிந்து தூக்கிச் செல்லும்போது கீழே விழுந்து, அதன் இரும்புச் சட்டமே உடைந்தது. எனவே பெரும்பாலும் அந்தந்த அரங்கத்துப் பியானோதான். தனிக் கச்சேரிகளும் சிறு குழுக்களும் அதிகம் நடக்கும் அரங்கில், கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களின் ஃபெல்ட்டை, அதாவது கம்பளி உறையை, ஊசியால் குத்திக் குத்தி மென்மையாக்கி வைத்திருப்பார்கள். தனியாகக் கேட்டால் தேன். 40 பேருக்கு எதிரே வைத்தால் என்ன அடித்தாலும் எட்டாது. மறுபடி கெட்டியாக்க ஃபெல்ட்டில் அரக்குக் கரைசல் விட்டு உலரவைக்க வேண்டும். ஒரே மதியத்தில் செய்கிற வேலையில்லை அது. ஒருநாள் விருந்தாளிக்காக அரங்கத்து டெக்னீஷியன் அதற்கு ஒப்பவும் மாட்டார்.

சுருதியிலும் சிக்கல் உண்டு. 1975இல் வெளியான ஐஎஸ்ஓ 16 என்ற சர்வதேசத் தரம் மத்திய ஸ்தாயியின் 'ஏ' என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பல குழுக்களுக்கு 443தான் பழக்கம். வித்தியாசம் சுமார் 12 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு. அற்பம் என்று தோன்றும். ஆனால் பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 டன் இழுவிசை தாங்குகின்றன. 443க்கு ஏற்றினால் இழுவிசை 1.4 சதவீதம், சுமார் 270 கிலோ கூடும். ஒரே அமர்வில் ஏற்றினால் நிற்காது. கம்பியும் ஒலிப்பலகையும் மெல்ல இறங்கிவிடும். முதல்நாளே ஒருமுறை ஏற்றி, மறுநாள் திருத்த வேண்டும். இதைச் சில மாதங்களுக்கு முன்பே அரங்கத்துக்கு எழுதி அனுப்பாத குழு, மேடையில்தான் உண்மையைக் கண்டுபிடிக்கும். மேடை விளக்கு வேறு. சூட்டில் கம்பி விரிந்து சுருதி இறங்கும். ஆகவே விளக்குகளை எரியவிட்டுத்தான் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வேண்டும், ஒத்திகை முடிந்ததும் இன்னொரு முறை. அந்த ஒரு மணி நேரம் மேடையில் நாற்காலி இழுக்கும் சத்தம்கூட ஆகாது. பயண நாளில் அப்படிப்பட்ட அமைதி எங்கே கிடைக்கிறது?

ஒத்திகை என்றேன், பயணத்தில் அது பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணிதான். காலி அரங்கில் எதிரொலி நீளம், பியானிஸ்ட் பெடலைக் குறைப்பார். இரவு ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி சுருங்கும், அதே வாசிப்பு வறண்டு ஒலிக்கும். இத்தனை குறைந்த நேரத்தில் முழுப்பாட்டையும் வாசித்துப் பார்க்கும் நடத்துநர் நேரத்தை வீணாக்குகிறார். பியானோவும் குழுவும் ஒட்டுமிடங்களை மட்டும் பார்த்தால் போதும். இந்தக் கான்செர்ட்டோ 5 தாள அளவு (பார்) தனிப்பியானோவோடு, அதுவும் மெல்லத் தொடங்குகிறது. ஆறாவது அளவில் நரம்புக்கருவிகள் அதைவிட மெல்ல, ஜி மேஜர் என்ற சுருதியமைப்பிலிருந்து விலகி பி மேஜரில் நுழைய வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பவர் பியானிஸ்ட். நடத்துநர் சைகை காட்டுமுன்பே அது முடிவாகிவிடுகிறது. அந்த ஓரிடத்துக்கே பத்து நிமிடம் கொடுக்கலாம். டிரம்பெட்டும் டிம்பனி என்ற முரசும் முதல் இரண்டு பகுதிகளில் சும்மா இருந்துவிட்டு மூன்றாவதில்தான் சேர்கின்றன. அதற்குள் டிரம்பெட் குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். கவனமுள்ளவர் நுழைவதற்குச் சற்று முன்பே கருவிக்குள் சத்தமின்றி மூச்சை விட்டுச் சூடேற்றிக்கொள்வார்.

ஒத்திகைக் குறைவு பீத்தோவனையே விடவில்லை. இந்தப் படைப்பு முதன்முதலில் பொதுமேடையேறிய 1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீனில், அதே கச்சேரியில் இடம்பெற்ற அவருடைய இன்னொரு படைப்பான கோரல் ஃபேன்டஸி நடுவழியில் சிதறி நிற்க, திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி விமர்சனத்தில் விமர்சகர் எந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டார் என்பதையும் போடுங்கள். முதல் இரண்டு வரிசைகளில் மூடியிலிருந்து வரும் ஒலியின் பெரும்பகுதி தலைக்கு மேலே போய்விடும். பால்கனிக்கு அடியில் உட்கார்ந்தால் எல்லாமே மங்கும். நரம்புக்கருவியில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் ஒரு நிமிடம் போதும்.

இன்னொரு சிறு திருத்தம். கான்செர்ட்டோ தொடங்குமுன் முதல் வயலின்காரர் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதை, 'பியானோ சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனை இல்லை அது. மற்ற உருப்படிகளில் ஓபோ என்ற மரக்குழல் கருவி 'ஏ' கொடுக்க எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். கச்சேரி நேரத்தில் பியானோவின் சுருதியை மாற்ற வழியில்லை. ஓபோ உட்பட அனைவரும் அதன் 'ஏ'வுக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்